ஒன்றுபோல் இல்லாத தூண்கள்

கிரேக்க நாட்டில், கடலிலிருந்து சற்றுத் தள்ளி, பெண் தெய்வம் ஒன்றின் பழங்கோயில் இடிந்து கிடந்தது. அதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தவர் மங்கையர்க்கரசி என்ற பேராசிரியை. மதுரைக்காரர். அவரிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தவர் சவரிநாதன். பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். ஆனாலும் முதல் நாளே "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டார். பேராசிரியை அவரை "ஐயா" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

படிப்பதற்கென்று சவரிநாதன் கடல் கடந்து போகவில்லை. அவருடைய மகன் பக்கத்துத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். தாய் எஸ்தருக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் பெற்றோர் இருவரையும் தன்னிடமே வரவழைத்துக்கொண்டான். வந்த இடத்தில் இந்தக் கோயிலைக் கண்டபிறகு சவரிநாதனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் எஸ்தரைக் கைப்பிடித்து அழைத்துவருவார். ஆலிவ் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அவள் கண்ணில் படுகிற தூரத்திலேயே வேலை செய்வார்.

தான் யாரென்று அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குப் பழகியிருந்தது. ஒருநாள் அவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. இன்னொரு நாள் அவளுடைய தம்பி. வேறொரு நாள் பள்ளிக்கூட வண்டிக்காரர். அவள் யாராக அழைத்தாலும் அவராகவே குரல் கொடுப்பார். அண்ணாச்சி உரித்துக் கொடுத்தால் ஆரஞ்சு தின்பாள். வண்டிக்காரர் சொன்னால் எழுந்து நடப்பாள்.

மகனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்பா இளைத்துப்போவது அவன் கண்ணை உறுத்தியது. கோயம்புத்தூரில், இப்படிப்பட்டவர்களைக் கவனித்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்தான்.

"அம்மாவுக்கு நீங்களும் ஒண்ணுதான்பா, ஒரு நர்ஸும் ஒண்ணுதான்" என்றான்.

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் சவரிநாதன்.

மறுநாள் மரத்தடியில் எஸ்தர், தன் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று அவரிடமே கேட்டாள். வழக்கமாக, வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வார். அன்று வாய் தவறிவிட்டது.

"நான்தான் எஸ்தர், உன் வீட்டுக்காரன்."

அவள் மிரண்டுபோனாள். முன்பின் தெரியாத ஆள் கையைப் பிடித்ததுபோல நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள். பேராசிரியைதான் வந்து முதுகைத் தடவிக்கொடுத்து அவளைத் தூங்கவைத்தார்.

சவரிநாதன் தூண்களிடம் போய் நின்றார். உடைந்து விழுந்த தூண்களின் தலைக்கற்களை வரைந்து, கோயிலின் காலத்தைக் கணிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அது பிடிபடவே இல்லை. ஒரு தலைக்கல் பழைய பாணியில் தட்டுப்போல விரிந்திருந்தது. அடுத்தது பல தலைமுறைக்குப் பிந்தைய பாணியில் ஒடுங்கி நிமிர்ந்திருந்தது. ஒரு தூண் பருமன், பக்கத்துத் தூண் மெலிவு. எல்லாமே முதலில் மரத்தூண்களாக இருந்தவை என்றும், ஒவ்வொன்று பழுதாகும்போதும் அந்தந்தக் காலத்துக் கொத்தர்கள் அந்த இடத்தில் கல்தூண் நிறுத்தினார்கள் என்றும் பேராசிரியை சொல்லியிருந்தார்.

அன்று சவரிநாதன் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், முதல்ல கட்டினவன் நிறுத்தின தூண் ஒண்ணுகூட மிச்சமில்ல. எல்லாம் மாறிப்போச்சு. அப்புறம் எதை வச்சு இதை அதே கோயில்னு சொல்றது?"

மங்கையர்க்கரசி மரத்தடியில் தூங்கும் எஸ்தரை ஒருமுறை பார்த்தார்.

"கூரையை என்னைக்கு இறக்கினாங்கன்னு கண்டுபிடிங்க, ஐயா. அப்புறம் பேசலாம்."

சவரிநாதன் தேடத் தொடங்கினார். கூரை ஓடுகள் எங்கெங்கே கிடந்தன என்று பழைய அகழாய்வு வரைபடங்களில் பார்த்தார். எல்லாம் மண்ணின் ஒரே அடுக்கில் கிடந்தன. தூண்களெல்லாம் கல்லாகி வெகுகாலம் கழித்து வந்த நிலநடுக்கத்தில் மொத்தமாகச் சரிந்தவை. அதற்கு முன் இறக்கியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. தூண்கள் நின்ற இடங்களை நாடா பிடித்து அளந்தார். தூணுக்குத் தூண் உருவம் வேறாக இருந்தது. இடைவெளி மட்டும் மாறவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில், மெலிந்த தூண் ஒன்றின் அடியில் உட்கார்ந்தபோது அவருக்கு அது பட்டது. நாடாவைச் சுருட்டி வைத்தார். பிறகு எழுந்து பேராசிரியையிடம் போனார்.

"இறக்கவே இல்லை, டீச்சர்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"தூண்கள் ஒண்ணுபோல ஒண்ணு இல்லையே. கூரையை இறக்கியிருந்தா எல்லாத் தூணையும் ஒரேயடியா மாத்தியிருப்பாங்க. எல்லாம் ஒரே அச்சுல இருந்திருக்கும். மேல கூரை இருக்கும்போதே, தாங்க முடியாத தூணை மட்டும் ஒவ்வொண்ணா மாத்தியிருக்காங்க. அதான் இப்படி. கூரை ஒரு நாளும் இறங்கலையே, அப்போ இது அதே கோயில்தான்."

பேராசிரியை தலையசைத்தார். 

அன்று மாலை சவரிநாதன், கோயம்புத்தூர் வேண்டாம், அம்மா என்னோடு இருக்கட்டும் என்று மகனிடம் சொன்னார். அவன் வாதாடவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எஸ்தர் அவனை வழிமறித்து, கண்டக்டர், இந்த பஸ் திருச்செந்தூர் போகுமா என்று கேட்டாள். மகன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தாயிடம் திரும்பி, "போகும், உட்காருங்கம்மா" என்றான். அவள் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

கோயிலுக்கு வந்த பிறகும் சவரிநாதனுக்கு ஏதோ ஒன்று ஆறவில்லை. தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் குனிந்து எதையோ தேடினார். வெகுநேரம் கழித்துப் பேராசிரியையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், பழைய தூணை எடுத்துட்டுப் புதுத் தூணை நிறுத்துற வரைக்கும், அந்த இடத்துல கூரையை எது தாங்கிச்சு?"

"முட்டு கொடுத்திருப்பாங்க. ஏதாவது ஒரு மரம்."

"அதுக்குத் தடயம்?"

"கிடைக்காது. வேலை முடிஞ்சதும் எடுத்துப் போட்டிருப்பாங்க. மக்கியும் போயிருக்கும்."

"தரையில ஒரு கீறல்கூட இருக்காதா?"

"நான் பார்த்ததில்லை, ஐயா."

மரத்தடியில் எஸ்தர் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சவரிநாதன் அவளையே பார்த்தபடி கேட்டார்.

"அப்போ, அப்படி ஒண்ணு நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

மங்கையர்க்கரசி அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அத்தனை தூணும் மாறி முடியுற வரைக்கும் கூரை விழலையே, ஐயா."