சிலுப்பனாரின் சீர் மூட்டை

ஓடைக்கரையில் ஒரு பெரிய வளை. அதில் சிலுப்பனார் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தார். அந்தக் காட்டில் அவருடைய முள்ளைவிட நீளமான முள் யாருக்கும் கிடையாது. சிறுத்தைகூட அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் காலையில் அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். மஞ்சமூக்கி என்ற மைனா வளை வாசலில் வந்து இறங்கினாள்.

"சிலுப்பண்ணே! எழுந்திருங்க! மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து சேதி கொண்டு வந்திருக்கேன்!"

மலைக்கு அந்தப் பக்கம்தான் மகள் கூராளைக் கட்டிக் கொடுத்திருந்தார். கூராளுக்கு ஆண்குட்டி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மனைவி வரிச்சி பிரசவம் பார்க்க முன்னாடியே போய்விட்டாள். சிலுப்பனார் பதறிப்போய் வெளியே வந்தார்.

"உங்க பேரனுக்கு வயிறு உப்பிக்கிச்சு! நேத்துலேருந்து பால் குடிக்கல. அழுதுக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் வசம்பே முளைக்காதாம். ஒரு துண்டு வசம்பு எடுத்துக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள உங்களை வரச் சொன்னாங்க வரிச்சியக்கா!"

"நீயே ஒரு துண்டைக் கவ்விக்கிட்டுப் பறந்துடேன். சீக்கிரம் போய்ச் சேருமே?"

"ஐயையோ! ஒரு தடவை தெரியாம அதைக் கடிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குப் பேச்சே வரல. பேசாம நான் எப்படி உயிர் வாழறது? நீங்கதான் வரணும்!"

சிலுப்பனார் ஓடைக்குப் போய் ஒரு துண்டு வசம்பைப் பிடுங்கினார். அப்போதே கிளம்பியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் நின்றுவிட்டார்.

"பேரனை முதல்முதலா பார்க்கப் போறேன். வெறும் வசம்போட போய் நின்னா சம்பந்தி என்ன நினைப்பார்?"

"சம்பந்தி எதையாவது நினைச்சுட்டுப் போறார்! குட்டி அழுதுக்கிட்டிருக்கு!"

"இதோ, ஒரே நிமிஷம்! மூட்டை கட்டுறதுல என்னை அடிச்சுக்க இந்தக் காட்டுல யார் இருக்கா?"

அது உண்மைதான். முள்ளம்பன்றிக்குப் பெட்டியும் வேண்டாம், பையும் வேண்டாம். முதுகு முழுக்க முள் இருக்கிறது. குத்திக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதிலும் சிலுப்பனார் ஒரு முள்ளைக்கூட வீணாக்க மாட்டார்.

முதலில் வசம்பு. "முக்கியமான சாமான், தொலைஞ்சுடக் கூடாது" என்று சொல்லி, அதை நடுமுதுகில் ஒரு முள்ளின் அடிவரைக்கும் இறக்கினார். அடுத்து மூன்று காட்டுவள்ளிக் கிழங்குகளைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் மல்லாந்து படுத்துப் புரண்டார். மூன்றும் முள்ளில் ஏறிக்கொண்டன. கிழங்குகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நெல்லிக்காய். நெல்லிக்காய்களுக்கு நடுவிலும் துளி இடம் இருந்தது. அங்கே இலந்தைப்பழம். எதுவும் ஆடாமல் இருக்க ஈரக் களிமண்ணை அப்பி, தேக்கிலையால் மூடி, காட்டுக்கொடியால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

எழுந்து நின்றால் இடது பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார். இப்போது வலது பக்கம் சாய்ந்தது. அதையும் பிரித்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மஞ்சமூக்கி கிளைக்குக் கிளை தாவிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அட, வால் முள்ளு காலியா இருக்கே!" என்று சிலுப்பனார் பலாக்கொட்டைகளை எடுத்தார்.

"அண்ணே, அதையாவது சும்மா விடுங்க! வழியில சிறுத்தை இருக்கு!"

"சிறுத்தையா? என்னைக் கண்டாலே அது ஓடிடும், போ!"

வாலிலும் பலாக்கொட்டை ஏறியது. சிலுப்பனார் உடம்பை ஓர் உதறு உதறினார். ஒரு இலந்தைகூட விழவில்லை.

"பார்த்தியா என் கைவேலையை? எவ்வளவு உதறினாலும் விழாது!"

மலை ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. நாலு அடி நடப்பதும், நாலு நிமிடம் நிற்பதுமாக ஒருவழியாக உச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாறைமேல் சிறுத்தை படுத்திருந்தது. அது தலையைத் தூக்கி, கண்ணை இடுக்கிப் பார்த்தது.

"யாரது? சந்தை தானே நடந்து வருகிறதா?"

"நான் முள்ளம்பன்றி! மரியாதையா ஓடிப்போ!"

"முள்ளம்பன்றியா? முள் எங்கே?"

"உள்ளே இருக்கு!"

சிறுத்தைக்குச் சிரிப்பு வந்தது. பாறையிலிருந்து மெல்ல இறங்கியது. சிலுப்பனார் முள்ளைச் சிலிர்க்கப் பார்த்தார். களிமண் காய்ந்து கெட்டியாகியிருந்ததால் ஒரு முள்கூட எழும்பவில்லை. வாலை ஆட்டினார். எப்போதும் எதிரியை மிரட்டும் வால் முள்ளின் கலகல சத்தம் வரவில்லை. உடம்பை உதறினார். அவர் பெருமையடித்தபடியே எதுவும் விழவில்லை.

"அண்ணே, உங்களுக்குப் பின்னால சரிவு! உருளுங்க!" என்று மஞ்சமூக்கி கத்தினாள்.

"சீரெல்லாம் நசுங்கிடுமே!"

"நீங்க நசுங்கிட்டா பேரனுக்கு யார் வசம்பு கொண்டுபோறது?"

பேரனின் முகத்தை அவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை. அது நினைவுக்கு வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உருண்டார்.

தடதடவென்று உருண்டார். கொடி அறுந்தது. களிமண் உடைந்தது. நெல்லிக்காய் ஒரு பக்கமும் கிழங்கு ஒரு பக்கமும் பறந்தன. சிறுத்தை பின்னாலேயே பாய்ந்து வந்தது. அடிவாரத்தில் சிலுப்பனார் எழுந்து, முதுகைக் காட்டி, சர்ரென்று சிலிர்த்து நின்றார். சரிவில் ஓடி வந்த வேகத்தில் சிறுத்தையால் நிற்க முடியவில்லை.

"ஐயோ! என் மூக்கு!"

"உள்ளே இருக்குன்னு அப்பவே சொன்னேனே!" என்றார் சிலுப்பனார்.

சிறுத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அது போன பிறகுதான் சிலுப்பனாருக்கு உறைத்தது.

"வசம்பு! ஐயோ, வசம்பும் போச்சே!" என்று தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மஞ்சமூக்கி அவருடைய முதுகை மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அழாதீங்கண்ணே! நடுமுதுகுல, அடி முள்ளுல அப்படியே இருக்கு! எழுந்து ஓடுங்க!"

சிலுப்பனார் ஓடினார். முதுகில் பாரம் இல்லாததால் கால் பறந்தது. பொழுது சாயும் நேரத்தில் மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். குட்டி அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. வரிச்சி வசம்பைப் பிடுங்கிக் கல்லில் உரைத்து, ஒரு துளி நாக்கில் தடவினாள். சற்று நேரத்தில் குட்டி ஒரு சின்ன ஏப்பம் விட்டது. பிறகு தாயின் மடியைத் தேடிப் பால் குடிக்கத் தொடங்கியது. சிலுப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சம்பந்தி ஒரு பெரிய இலையோடு வந்தார். "வாங்க சம்பந்தி! களைச்சுப்போய் வந்திருக்கீங்க. வள்ளிக்கிழங்கு சாப்பிடுங்க! நெல்லிக்காய் எடுத்துக்குங்க! இலந்தைப்பழமும் இருக்கு. இந்தப் பக்கம் காலை வைக்கிற இடமெல்லாம் இதுதான்!"

சிலுப்பனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா, சேதி காலையிலேயே வந்திருக்குமே?" என்றாள் வரிச்சி. "இவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

சிலுப்பனார் பயந்துபோய் மஞ்சமூக்கியைப் பார்த்தார். அவளோ, வசம்பைக் கடித்தவள்போல் அலகை இறுக மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

எதற்காகப் போகிறோமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புகிறவனே பயணத்துக்கு மூட்டை கட்டத் தெரிந்தவன்!