அறுபத்தொரு பச்சை

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெய்ல் பாடப்புத்தகம் தயாரிக்கும் அச்சகம் ஒன்று இருந்தது. தென்மாவட்டங்களில் அதற்கு எட்டுக் கிளைகள். எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அத்தனையையும் பார்த்துக்கொண்டவர் ஜெபக்கனி.

அவரிடம் வேலை கற்க வந்தார் உலகநாதன். விமானப்படையில் முப்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஜெபக்கனியைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். முதல் நாள் விறைப்பாக நின்று, "மேடம்" என்றார்.

ஜெபக்கனி நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க அண்ணாச்சி."

கடைசிவரை அப்படித்தான். சொல்லிக்கொடுத்தவர் அண்ணாச்சி என்பார். கற்றுக்கொண்டவர் மேடம் என்பார்.

இப்போது அந்த நாட்களை நினைத்தால், உலகநாதனுக்கு அந்த அறையின் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. கீழ்த்தளத்தில் பிரெய்ல் இயந்திரம் தாளில் புள்ளி குத்தும் சத்தம். பதினோரு மணிக்கு அது நிற்கும். டீ வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பத்து நிமிட அமைதியில் ஜெபக்கனியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் மட்டும் உடனே வராது.

அந்த வருடம் புதிய கருவி ஒன்று வாங்கினார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருள் பழசாகிவிட்டது என்று அது தானே பார்க்கும். புதியதை ஏற்றும், பழையதை அழிக்கும். திரையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கட்டம். வேலை முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை உலகநாதன் முதன்முறையாகத் தனியாக அதை ஓட்டினார். எட்டு ஊர்களிலும் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. அறுபத்தொரு பச்சை. தென்காசிக் கிளையில் ஒன்று மட்டும் சிவப்பு. வெள்ளைச் சட்டையில் வெற்றிலைக் கறை பட்டதுபோல அது அவர் கண்ணை உறுத்தியது.

அப்போது கதவருகே கோயில்பிச்சை வந்து நின்றார். அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தட்டச்சு செய்த பாடத்தைக் கம்ப்யூட்டர் அவருக்கு வாசித்துக் காட்டும். காதால் கேட்டே பிழை பிடிப்பார்.

"என் ஆளு எங்க?" என்றார்.

"எந்த ஆளு சார்?"

"பதினாலு வருஷமா எனக்கு வாசிக்கிறவன்."

உலகநாதனுக்குப் புரிந்தது. அந்தக் குரலை அவரும் கேட்டிருக்கிறார். மனிதக் குரலே இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதுபோல அத்தனை வேகம். கோயில்பிச்சையைத் தவிர யாருக்கும் ஒரு சொல் பிடிபடாது.

"புதுக் குரல் வந்திருக்கு சார். மனுஷங்க பேசுற மாதிரியே இருக்கும். இனிமையா இருக்குல்லா?"

"இனிமைதான். கல்யாண வீட்டு மைக்குக்கு நல்லா இருக்கும்."

ஜெபக்கனி எழுந்து கோயில்பிச்சையின் மேசைக்குப் போனார். திரையை அணைத்தார். உலகநாதனை உட்காரவைத்தார்.

"கேளுங்க அண்ணாச்சி."

புதிய குரல் நிதானமாக வாசித்தது. 'நேர்கோட்டில் செல்லும்' என்றது. அதற்கு முன்னால் ஒரு சொல்.

"ஒலியா, ஒளியா?" என்று கேட்டார் ஜெபக்கனி.

உலகநாதன் திரும்பவும் ஓடவிட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். எதுவென்று பிரித்தறிய முடியவில்லை.

"பழையவன் எப்படிச் சார் சொல்லுவான்?"

"லகரத்துக்கு ஒரு தட்டு. ளகரத்துக்கு ஒரு இழுப்பு. மனுஷன் அப்படிப் பேச மாட்டான். அதனாலதான் எனக்குச் சரிப்பட்டு வந்துச்சு." கோயில்பிச்சை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பத்தாம் வகுப்பு அறிவியல். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இன்னும் ஆறு பாடம் கிடக்கு. முந்நூத்தி நாப்பது பிள்ளைங்க. புத்தகத்துல ஒளி எல்லாம் ஒலின்னு இருந்தா, அதுங்க யாருகிட்டப் போய்க் கேக்கும்?"

உலகநாதனின் முகம் வாடிப்போனது. அறைக்குத் திரும்பியதும் பழைய குரலைத் தேடினார். கருவி அதைச் சுத்தமாக அழித்திருந்தது. அதைச் செய்த கம்பெனியோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

"போட்டிருக்கக் கூடாது மேடம்."

"போடாம இருந்தா? பழைய மென்பொருள்ல ஓட்டை இருந்துச்சு. வைரஸ் வந்தா அறுபத்திரண்டும் போயிரும். போட்டது சரிதான்."

"அப்போ எதுதான் தப்பு?"

ஜெபக்கனி திரையில் இருந்த சிவப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"தென்காசி, டி.கே. நாலு, மேடம்."

"நான் ஆளைக் கேட்டேன்."

உலகநாதனுக்குத் தெரியவில்லை. தென்காசிக்குப் போன் செய்தார். அங்கிருந்த எழுத்தர் சொன்னார்: அது செண்பகவல்லியின் கம்ப்யூட்டர். அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அணைத்துத்தான் கிடக்கிறது. அவளும் பார்வையற்றவள். கோயில்பிச்சை சாரிடம் பயிற்சி எடுத்தவள்.

"பழைய குரல் அதுல இருக்குமா?"

"இருக்கும் சார். ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்க!"

அணிவகுப்பு மைதானத்துக் குரல் அது. கீழ்த்தளத்தில்கூட யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் கண்விழித்த மறுநிமிடமே கருவி அதைக் கண்டுகொள்ளும். புதியதை ஏற்றி, பழையதை அழித்துவிடும்.

"நெட் வயரைப் பிடுங்கிட்டுத்தான் ஆன் பண்ணணும்" என்றார் ஜெபக்கனி. பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, நானும் வருதேன்."

புதிய பஸ் நிலையத்தில் தென்காசி பஸ் புறப்படும் நேரம். ஏறியதும் இடம் கிடைத்தது. பஸ் ஆலங்குளம் தாண்டியது. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தபோது ஜெபக்கனியின் முகம் மாறியது.

"முன்னாடியெல்லாம் இந்த ரோட்டுலதான் என் பொழப்பு" என்றார். "பையில ஒரு சி.டி. இருக்கும். ஒரு ஊருக்கு ஒரு நாள். தென்காசியில ஞானசுந்தரின்னு ஒரு அக்கா. தட்டச்சர். நான் புதுசு போட்டு முடிச்சதும் கிளம்ப விடமாட்டாங்க. பக்கத்துல உக்காரவச்சுக்கிட்டு ஒரு பக்கம் முழுசா அடிப்பாங்க. அடிச்சு முடிச்சுட்டு, 'சரி, போ'ன்னு சொல்லணும். அப்புறம்தான் போகலாம். ஒருநாள் 'போ'ன்னு சொல்ல மூணு மணி நேரம் ஆச்சு. சீசன் நேரம். சாரல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க."

"இப்போ எங்க இருக்காங்க?"

"இல்ல. போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து உலகநாதன் சொன்னார்: "எட்டு ஊருக்கு எட்டு நாள். இப்போ பத்து நிமிஷத்துல முடிஞ்சிருது மேடம்."

"ஆமா. எவ்வளவு வசதியாப் போச்சு!"

சொல்லிவிட்டு ஜெபக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவூர்சத்திரம் வரை திரும்பவில்லை.

தென்காசிக் கிளையில் அந்த எழுத்தர் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, யாரும் அண்டாமல் காவல் இருந்தார். உலகநாதன் குனிந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கிய முனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அது மெதுவாக விழித்தது. பிறகு தகரத்தில் மழை பெய்தது.

எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டார். உலகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பென் டிரைவில் குரலை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குள் திரும்பிவிட்டார்கள். கோயில்பிச்சையின் கம்ப்யூட்டரில் புதிய மென்பொருளும் இருக்க வேண்டும், பழைய குரலும் அதில் பேச வேண்டும். அதற்கு மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. கருவி இனிமேல் அந்தக் குரலைத் தொடாதபடி உலகநாதனே அதைப் பூட்டினார்.

"பாருங்க சார்" என்றார்.

கோயில்பிச்சை ஹெட்போனை மாட்டினார். விரலை விசைப்பலகையில் வைத்தார். ஒரு கணம் அசையவில்லை. பிறகு தோள் இறங்கியது.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். வேலையில் இறங்கிவிட்டார். உலகநாதன் பக்கத்திலேயே நின்றார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தார். ஐந்து நிமிடம் நின்றார். கோயில்பிச்சையின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அறையில் ஆட்கள் நிற்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஜெபக்கனி உலகநாதனின் முழங்கையைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்" என்றார் உலகநாதன், வராந்தாவில். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஜெபக்கனி சிரித்தார்.

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போனது. ஒளி என்று வர வேண்டிய இடங்களில் பத்தொன்பது ஒலிகளைக் கோயில்பிச்சை பிடித்திருந்தார்.

அடுத்த மாதம் கருவியை ஓட்டுவதற்கு முன்னால் உலகநாதன் எட்டு ஊர்களுக்கும் போன் செய்தார். எந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்காருகிறார், என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்துப் பேரோடு எழுதிக்கொண்டார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. ஜெபக்கனி அதைப் பார்த்தார். மறுநாள் முதல் பதினோரு மணி டீயை அவரே எடுத்துவந்து உலகநாதன் மேசையில் வைத்தார்.

மூன்று வருடம் அப்படிப் போனது. உலகநாதனின் வாழ்க்கையில் அவ்வளவு கற்றுக்கொண்ட காலம் வேறு இல்லை.

பிறகு ஜெபக்கனிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வழியனுப்ப உலகநாதன் ஜங்ஷனுக்குப் போனார். பெட்டியை மேலே ஏற்றிவைத்துவிட்டு இறங்கி, ஜன்னலருகே நின்றார். கேட்க நினைத்திருந்தது பல. வண்டி புறப்படப்போகும்போது ஒன்றுதான் வாயில் வந்தது.

"மேடம், இத்தனை வருஷத்துல எவ்வளவோ மெஷினுக்குப் புதுசு போட்டிருப்பீங்க. அதுல ஒண்ணு சரியாப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

வண்டி மெல்ல நகர்ந்தது. உலகநாதன் கூடவே நடந்தார். ஜெபக்கனி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு யாருக்கும் என் நெனப்பே வராது, அண்ணாச்சி."