மாமன் மடிக்கு முதல் வகுப்பு

வாய்க்கால்மேட்டு ராக்கியண்ணனும் நஞ்சப்பனும் சென்னிமலையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தங்கமானவர்கள். பொய் சொல்லத் தெரியாது, எறும்பை மிதிக்கத் தெரியாது. சொன்ன சொல்லை மட்டும் அப்படியே செய்துவிடுவார்கள். வாழைக்குத் தினமும் தண்ணீர் விடச் சொன்னால் கொட்டுகிற மழையிலும் விடுவார்கள். மழைத்தண்ணீர் கலந்துவிடக் கூடாதே என்று ஒருவர் வாழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

இவர்களுக்கு ஒரே தங்கை, கோகிலவாணி. ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்டவள். முருகன் புண்ணியத்தில் பிறந்த அவளுடைய பெண் குழந்தைக்கு ஒரு வயது முடிந்து, காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினால்தானே அது காதுகுத்து? அதனால் மூன்று மாமன்களும் விமானம் ஏறி மியூனிக்கில் போய் இறங்கினார்கள். அங்கிருந்து ரயில்.

கோகிலா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அண்ணா, நல்லாக் கேட்டுக்குங்க. நான் பாப்பாவோட மன்ஹைம்ல அதே ரயில்ல ஏறிக்கறேன். அதுக்கு அடுத்த ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்கறோம். கோயில்ல வச்சுத்தான் குத்தறோம், அது அங்கிருந்து பக்கத்துலதான். மூணு மணியில இருந்து மூணரை வரைக்குந்தான் நல்ல நேரம். காது குத்தற பத்தர் லண்டன்ல இருந்து வந்திருக்காரு, இன்னைக்கே திரும்பறாரு. இன்னைக்கு விட்டா இனி அடுத்த வருசந்தான். மாமன் மடி நேரத்துக்கு வந்தாகணும்."

"வந்துரும் அம்முணி," என்றார் ராக்கியண்ணன். "டிக்கெட்டு முதல் வகுப்பா, ரெண்டாம் வகுப்பா?"

"அது உங்க இஷ்டம். ஆனா எந்த வகுப்புக்கு டிக்கெட் எடுக்கறீங்களோ அந்த வகுப்புலதான் உக்காரணும். மாறி உக்காந்தா அபராதம் போட்டுருவாங்க."

முதல் வகுப்பில் இருக்கை அகலம், கால் நீட்டலாம், கூட்டம் இருக்காது என்று டிக்கெட் கொடுக்கிற அம்மாள் கையை விரித்து விரித்துக் காட்டினாள். இவர்களுக்கு அதில் மனசு போகவில்லை. பிளாட்பாரத்தில் ரயிலை முன்னும் பின்னும் பார்த்தார்கள். முதல் வகுப்புப் பெட்டி முன்னால் இருந்தது. இரண்டாம் வகுப்பு பின்னால்.

"ஏனுங்ணா, முன்னாடி இருக்கறது முன்னாடிதானே போய்ச் சேரும்?" என்றார் நஞ்சப்பன்.

"எவ்வளவு முன்னாடின்னு பாத்துட்டு வா."

சென்னிமலை எட்டு வைத்து அளந்துவிட்டு வந்தார். "நூத்தியெண்பது எட்டுங்ணா."

"அப்பறம் என்ன? மடிக்குத்தானே அவசரம். என்ர மடி முதல் வகுப்புல போவட்டும். நீங்க ரெண்டு பேரும் மெதுவா ரெண்டாம் வகுப்புல வாங்க."

அப்படியே டிக்கெட் எடுத்தார்கள். மூன்று பேரும் பிரியாமல் போகவேண்டும் என்று ஊரில் சொல்லியனுப்பியிருந்ததால், ஏறின நிமிஷத்திலிருந்து போனை வைக்கவே இல்லை.

"நஞ்சப்பா, ஒரு செவலை மாடு தெரியுது. நல்ல மாடு. போயிருச்சு."

"எங்களுக்கு இப்பத்தான் வருதுங்ணா."

நஞ்சப்பன் போனைப் பொத்திக்கொண்டு தம்பியிடம் சொன்னார். "பாத்தியாடா? அவங்க பாத்து முடிச்ச மாட்டைத்தான் நமக்கு விடறாங்க. டிக்கெட்டு குறைவுன்னா சும்மாவா?"

ஸ்டுட்கார்ட் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துபோகிறது. உள்ளே போன ரயில் வந்த வழியே பின்பக்கமாக வெளியேறித்தான் வேறு பாதைக்குத் திரும்பவேண்டும். அங்கே எல்லா ரயிலும் அப்படித்தான். வண்டி நகர்ந்ததும் நஞ்சப்பன் போனில் அலறினார்.

"அண்ணா! நாங்க முன்னாடி போறோம்! நீங்க பின்னாடி வர்றீங்க!"

ராக்கியண்ணனுக்கு வேர்த்துவிட்டது. முதல் வகுப்பு டிக்கெட்டும் கையில் இருக்கிறது, மடியும் கடைசியில் இருக்கிறது. "நான் எந்திரிச்சு அங்க வந்துர்றேண்டா."

"இருங்ணா, இருங். எந்திரிச்சா மடி எங்க இருக்கும்?"

ராக்கியண்ணன் பாதி எழுந்து குனிந்து பார்த்தார். உண்மைதான், மடியைக் காணோம். பயந்துபோய் உட்கார்ந்தார். வந்துவிட்டது.

"நல்லவேளைடா. நின்னா போயிருது."

"அங்கிருந்து நடந்து வந்து, இங்க உக்காந்துக்கலாமே?" என்றார் சென்னிமலை.

"மாறி உக்காந்தா அபராதம்," என்றார்கள் இருவரும் சேர்ந்து.

நெடுநேரம் பேசி முடிவெடுத்தார்கள். இப்போது முன்னால் போவது நஞ்சப்பன் மடி. அவரும் மாமன்தான். அந்த மடியிலேயே குத்தட்டும். அந்த நேரம் பார்த்துக் கோகிலா சென்னிமலையின் போனுக்கு அழைத்தாள். "ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். மடியைத் தயாரா வச்சுக்கங்க."

நஞ்சப்பன் முழங்காலைச் சேர்த்து, புதுத் துண்டை விரித்து, மடியைத் தயாராக வைத்துக்கொண்டார்.

மன்ஹைமில் கோகிலா குழந்தையோடு ஏறினாள். கூடவே பத்தர் சிவஞானம், யாழ்ப்பாணத்துக்காரர், சின்னப் பெட்டியோடு ஏறினார். அடுத்த ஸ்டேஷன் வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து.

"எந்திரிங்ணா, இறங்கணும்!"

"முடியாது அம்முணி. எந்திரிச்சா போயிரும்."

"என்ன போயிரும்?"

"மடி. நீதான தயாரா வச்சுக்கச் சொன்ன? மியூனிக்ல இருந்து எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டாந்திருக்கோம்."

கோகிலா கையைப் பிடித்து இழுத்தாள். சென்னிமலை மடி கலையாமல் இருக்க அண்ணனின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. கோயில் கோபுரம் ஜன்னலில் வந்தது, போயிற்று.

அதற்கடுத்த ஸ்டேஷன் மூன்றே முக்காலுக்குத்தான். கோகிலா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். "முருகா, ஒரு வருசமாக் காத்துக்கிட்டிருந்தேனே."

"நேரம் கோயிலுக்கு மட்டுமே? ரயிலுக்கும் அதே நேரந்தான் பிள்ளை," என்றார் பத்தர். "வண்டி ஆடாமல்தான் போகுது. நான் இங்கயே குத்திவிடுறன்."

இதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த ராக்கியண்ணன் கொதித்துப்போனார். "மூத்த மாமன் நான் இருக்கறப்ப எப்படிடா உன்ர மடியில குத்தலாம்? என்ர மடியும் தயாராத்தான் இருக்குது. அதுவும் முதல் வகுப்பு மடி."

"ரயில்ல முன்னாடி போறது நானுங்ணா."

பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று எட்டு. "பிள்ளைக்குக் காது ரெண்டு இருக்குது. உங்களிட்ட மடியும் ரெண்டு இருக்குது. ஏன் சண்டை?"

இடது காதை நஞ்சப்பன் மடியில், இரண்டாம் வகுப்பில் குத்தினார்கள். அந்தப் பெட்டியில் சத்தம் போடக் கூடாது என்று படம் ஒட்டியிருந்தது. குழந்தைக்குப் படம் புரியவில்லை. பிறகு நூற்றியெண்பது எட்டு தூக்கிக்கொண்டு ஓடி, வலது காதை ராக்கியண்ணன் மடியில், முதல் வகுப்பில் குத்தினார்கள். அழுது களைத்திருந்த குழந்தை அங்கே சத்தமே போடவில்லை. மணி மூன்று இருபத்தெட்டு. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தியா? முதல் வகுப்புல வலி இல்லை," என்றார் ராக்கியண்ணன்.

இறங்கி, கோயிலுக்குப் போக எதிர் ரயில் ஏறவேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கப் போனவர் சென்னிமலை. ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் வந்தார். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் இருந்த கதவு வழியாக அவரால் போக முடியவில்லை. வாசலின் நட்டநடுவில் சென்னிமலை குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். வலது காது முதல் வகுப்புப் பக்கம், இடது காது இரண்டாம் வகுப்புப் பக்கம். கையில் வகுப்புக்கு ஒன்றாக இரண்டு டிக்கெட்.

பரிசோதகர் என்னவோ சொன்னார். கோகிலா முகத்தை மூடிக்கொண்டே அதைத் தமிழில் சொன்னாள். "இத்தனை சின்னக் குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாமாம்ணா."

"அது எனக்கும் தெரியும் அம்முணி," என்றார் சென்னிமலை. "இது காதுக்கு எடுத்ததுன்னு சொல்லு."