கறி வாளி பிடித்த முதலாளி

அரிசி ஆலை முதலாளி ஆவுடையப்பன் எந்த விருந்திலும் தனி மேசை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். அவருடைய பெரிய வாடிக்கையாளர் செய்யது மீரான், மகள் நிக்காஹ்வுக்குக் காயல்பட்டினத்துக்கு அழைத்திருந்தார். அங்கே மேசையே இல்லை. விரிப்பில் சஹன் வைத்திருந்தார்கள். நெய்ச்சோறு குவித்த பெரிய தட்டு அது. மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். முதலாளிக்குக் காட்டிய இடத்தில் அவருடைய டிரைவர் காத்தமுத்துவும் ஒரு மீன் வியாபாரியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி டிரைவரை வாசலுக்கு இழுத்து வந்தார்.

“உன்கூட ஒரே தட்டுல நான் கை வைக்க மாட்டேன். மீரான் மனசும் கோணக் கூடாது. ஏதாவது செய்யி. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“ரெண்டே விஷயம்தானே முதலாளி” என்ற காத்தமுத்து, நேரே மீரானிடம் போனான்.

“நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி நின்னு பரிமாறணும்னு முதலாளிக்கு ஆசை. கேக்கத்தான் கூச்சப்படுறாங்க.”

மீரானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டார். “அண்ணாச்சி, உங்க மனசு யாருக்கு வரும்” என்று சொல்லிக் கறி வாளியைக் கையில் கொடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி ஒவ்வொரு சஹனாகக் குனிந்து பரிமாறிக்கொண்டே வந்தார்.

காத்தமுத்துவின் முன்னால் குனிந்தபோது பல்லைக் கடித்தார். “என்னலே செஞ்சு வச்சிருக்கே?”

“நீங்க சொன்ன ரெண்டையும்தான் முதலாளி. மீன்கார அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு கரண்டி போடுங்க. இடுப்பு வலிச்சா சொல்லுங்க, இங்க உங்க இடம் காலியாத்தான் இருக்கு.”