நிலையைப் பிடித்து நின்றவன்

"அந்த அம்மாகிட்ட என்ன பேசணும் சார்? கத்துக்குடுங்க."

தன் விடுதி அறைக்கு வந்த சாரிடம் செம்பியன் கேட்டான்.

பேசத் தெரியாதவன் இல்லை. விடுதி மாணவர் செயலாளர். நாளைய தலைவர்களுக்கென்று தேவசகாயம் சார் நடத்துகிற வகுப்பில் முதல் ஆள். கண்ணைப் பார்த்துப் பேசுவது, கை குலுக்குவது, எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது, எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

கீழ்மாடிப் பையன் பூவலிங்கம் காய்ச்சலில் இறந்துபோனான். முதலாமாண்டு. அவன் பெட்டியை எடுத்துப்போக அம்மாக்காரி வந்துகொண்டிருந்தாள்.

"ஆறுதலா நாலு வார்த்தை டைப் பண்ணி வச்சிருக்கேன். சரியா இருக்கான்னு பாருங்க சார்."

சார் போனை வாங்கவில்லை.

"அவன் உன்கிட்ட வந்தானா?"

"வந்தான் சார். காய்ச்சல் ஆரம்பத்துல."

"வகுப்புல நடிச்சுப் பாப்போமே, அப்படிப் பாப்போம். அன்னைக்கு மாதிரியே உட்காரு. நான் பூவலிங்கம்."

"இப்பவா சார்?"

சார் வெளியே போய்க் கதவைத் தட்டினார். நிலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

"அண்ணா... உடம்பு ஒரு மாதிரியா இருக்குண்ணா."

செம்பியன் அன்றைக்குச் சொன்னதையே சொன்னான்.

"எதுன்னாலும் குரூப்ல போட்டுருடா. வார்டன் பாத்துக்குவார்."

"எங்க பாத்துச் சொன்ன?"

"போனைப் பாத்து. மறுநாள் பேச்சுப் போட்டி சார்..."

காதுகொடுத்துக் கேட்பவனே தலைவன். அதுதான் தலைப்பு. கொடுத்தது சார்தான்.



"அவ்வளவுதான் சார் நடந்தது. ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"நீங்க கூப்பிடலியேண்ணா."



படிக்கட்டில் செருப்புச் சத்தம். சார் ஒதுங்கிக்கொண்டார். அவர் நின்ற இடத்திலேயே ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் மடித்த கட்டைப்பை. உள்ளே வரலாமோ கூடாதோ என்று அவளும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"செயலாளர் தம்பி நீதானாய்யா? எதுன்னாலும் எங்க அண்ணன் இருக்காரும்மான்னு சொல்லுவான். உங்கிட்ட ஏதும் சொன்னானாய்யா?"

செம்பியன் போனைக் கட்டிலில் போட்டான்.

"உள்ள வாங்கம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரும்வரை நின்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொன்னாம்மா. நான்தான் நிமிந்து பாக்கல."