மருந்து படாத நடுத்துண்டு

வரப்பில் ஏறிய உலகநாதன் அப்படியே நின்றுவிட்டார். தோளிலிருந்த மண்வெட்டி நழுவி வாய்க்காலில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. முந்தாநாள் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்ந்து வட்டம் விழுந்திருந்த பயிர், இன்று வயல் முழுக்கத் தீ வைத்ததுபோல் கருகிக் கிடந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் வேலை. ஆனால் நடுவில் ஒரு துண்டு மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அவர் மூச்சை நிறுத்தியது அந்தப் பச்சைதான். ஏனென்றால் அவர் மருந்தே அடிக்காத துண்டு அது ஒன்றுதான்.

நடந்ததை முதலிலிருந்து கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வரப்போகிறது.

நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜெஸிந்தா என்ற பெண் அந்த ஊருக்கு வந்து இரண்டு வயல்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று உலகநாதனுடையது. அடுத்தது ஒற்றை வரப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பங்காளி காத்தமுத்துவினுடையது. நடுத்துண்டில் மருந்து படக் கூடாது, மற்ற இடத்தில் ஊர் வழக்கப்படி மூன்று தடவை அடிக்க வேண்டும் என்பது பேச்சு. விதையும் மருந்தும் நிலையம் கொடுக்கும். விளைச்சலுக்கு அது பொறுப்பில்லை. சொன்னபடி செய்பவருக்கு அடுத்த போகத்துக்குப் புது ரக விதை உண்டு. இருவரும் தலையாட்டினார்கள், தனித்தனியாக. ஏனென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால், உலகநாதன் பேசி வைத்திருந்த நடவு ஆட்களை, நடவன்று விடியற்காலையில் காத்தமுத்து தன் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனவன். அதற்கப்புறம் உலகநாதன் அவன் முகத்தில் விழித்ததில்லை.

முதல் தடவை இருவரும் அடித்தார்கள். இரண்டாம் தடவையும் இறங்கினார்கள். அன்று காத்தமுத்து முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் எதிர்க்காற்றில் அடித்துக்கொண்டு போனதை உலகநாதன் கவனித்தார். அடித்து முடித்த கையோடு அவன் வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்கும் போட்டான்.

"திமிரு. மாடு செத்தாத்தான் இவனுக்குப் புத்தி வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் வயலில் வட்டம் விழ ஆரம்பித்தது. மூன்றாவது தடவை அடிப்பதா வேண்டாமா என்று குழம்பி ஜெஸிந்தாவைக் கேட்டார்.

அவள் பயிரை விலக்கித் தூரைப் பார்த்தாள். "நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க, ஐயா."

"வரப்பத் தாண்டி அந்த மனுசன ஒரு வார்த்தை கேட்டா உங்க நாக்கு அழுகியா போயிடும்?" என்றாள் மனைவி செண்பகம்.

உலகநாதன் கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். காத்தமுத்து மூன்றாவது தடவையாக மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டி இறங்கினான். அவன் வயலோ செழித்து நின்றது. மருந்து அங்கே வேலை செய்கிறது, தனக்குத்தான் போதவில்லை என்று முடிவு கட்டிய உலகநாதன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அடித்துத் தீர்த்தார்.

அதன் பலன்தான் இந்தக் காலைக் காட்சி.

சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்த ஜெஸிந்தா இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். "காத்தமுத்து, மூணு தடவையும் அடிச்சீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மொத தடவ மருந்துதாங்க. அடுத்த ரெண்டும் வெறும் தண்ணி."

உலகநாதன் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார்.

"மருந்து பட்ட எடத்துல தூருக்குத் தூரு புகையான். படாத துண்டுல சிலந்தியா ஓடுது. அதுங்கதான் பூச்சியத் தின்னுச்சுங்க. மறுபடி அடிக்க மனசு வரல. அடிக்கலன்னு சொன்னா வெத தரமாட்டீங்களேன்னு தண்ணிய அடிச்சேன்."

"அடப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடா?" பல வருஷம் கழித்து உலகநாதன் அவனிடம் பேசிய முதல் பேச்சு இது.

"நீங்கதானண்ணே ஐயனார் கோயில்ல வச்சு, இனிமே எங்கிட்ட பேச வராதன்னீங்க?"

அதற்குமேல் இடி ஜெஸிந்தாவிடமிருந்து வந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு ஐயா. இந்த மருந்து சிலந்தியக் கொன்னு புகையானப் பெருக்குதோன்னு. அதப் பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே. சொல்லியிருந்தா நீங்க அடிச்சிருக்க மாட்டீங்க. அடிச்சுப் பார்க்காம சொன்னா யாரு நம்புவாங்க? இத்தன ஊரு வயலும் வருஷா வருஷம் கருகுதே."

"அப்ப எங்க வீட்டு வருஷச் சோறுதான் உங்களுக்குச் சாட்சியாம்மா?"

அவள் மெதுவாக, "அந்தச் சாட்சியும் செல்லாது ஐயா. ஒருத்தர் தண்ணி அடிச்சிட்டார். ஒரே ஒரு வயல வச்சு எதையும் சொல்ல முடியாது" என்றாள்.

ஆக, பயிரும் போயிற்று, அது போனதற்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. உலகநாதன் கருகிய தாளைப் பிடித்து இழுத்தார். வேரோடு கையில் வந்தது.

இப்போது சொல்லுங்கள். ஒருத்தர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிப் பயிரை இழந்தார். ஒருத்தன் வாக்கை மீறிப் பயிரைக் காப்பாற்றினான். ஒருத்தி ஊர் வயல்களுக்காக ஒரு வயலில் வாயை மூடிக்கொண்டாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெஸிந்தா சந்தேகத்தை மறைத்ததில்கூட ஒரு நியாயம் உண்டு, வட்டம் விழும் வரைக்கும். உலகநாதன் அவளைக் கேட்ட அன்றே அந்த நியாயம் தீர்ந்துபோயிற்று. காத்தமுத்து சிலந்தியைப் பார்த்துக் கையை நிறுத்தியது நல்ல புத்திதான். ஆனால் தண்ணீரை மருந்தாகக் காட்டியதில் அவளுடைய ஆராய்ச்சியையும் கெடுத்தான், அண்ணன் வயலையும் கெடுத்தான். உலகநாதன் வீம்புக்காரர், அதை யாரும் மறுக்கவில்லை. இருந்தாலும் மூன்று பேரில் சொன்னதைச் செய்தவரும் செய்ததைச் சொன்னவரும் அவர் ஒருவர்தான். எனவே அவர் செய்ததுதான் சரி. சரியாகச் செய்தவர் வயல்தான் கருகியது. இல்லை, காத்தமுத்து செய்ததே சரி என்பவர்கள், தங்கள் நடவு ஆட்களை அவனிடம் ஒருமுறை பறிகொடுத்துவிட்டு வந்து பேசட்டும்.