படமாக வந்த ரிப்போர்ட்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. இதில் குருவுக்கு முப்பத்தொரு வயது, பெயர் ஜெசிந்தா. சீடருக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, பெயர் தியாகேசன். திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். யாரிடமும் சீடராகச் சேர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதே இல்லை. சேர்த்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்வையற்றவர்களாலும், காது கேளாதவர்களாலும், கை நடுங்குகிறவர்களாலும் பயன்படுத்தவே முடியவில்லை என்று யாரோ மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் தியாகேசனைக் கூப்பிட்டார்.

"தில்லை நகர்ல ஒரு பொண்ணு இதுக்குன்னே பாடம் எடுக்குதாம். போய்க் கத்துக்கிட்டு வாங்க. அது சரின்னு சொல்ற வரைக்கும் உங்களுக்கு இங்க வேற வேலை கிடையாது."

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. எம்.சி.ஏ. படித்தவள். மாடியில் ஒரு அறை பிடித்து, இணையதளம் செய்கிறவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு குரல் உண்டு. திரையில் இருக்கிற எழுத்தை எல்லாம் அது வாசித்துச் சொல்லும். அவள் வைத்திருந்த வேகத்தில் கேட்டால், தியாகேசனுக்கு வாணலியில் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்டது.

முதல் நாள் அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்.

"எங்க சைட்ல அப்படி என்ன மேடம் குறை? பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

ஜெசிந்தா அவருடைய லேப்டாப்பின் வெளிச்சத்தை முழுக்க இறக்கினாள். மவுசைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டாள். அந்தக் குரலை அதில் ஓடவிட்டு, வேகத்தை அவருக்காகக் குறைத்தாள்.

"கண் டாக்டருக்கு ஒரு டோக்கன் போடுங்க சார்."

இருண்ட திரைக்கு முன்னால் தியாகேசன் கீபோர்டைத் தட்டினார்.

"படம். திருச்சியின் தலைசிறந்த மருத்துவமனை," என்றது குரல்.

இன்னொரு தட்டு.

"படம். திருச்சியின் தலைசிறந்த மருத்துவமனை."

இன்னொன்று. அதே பெருமை.

"என்ன மேடம் இது, சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கு?"

"நீங்க எழுதி வச்சதைத்தான் சார் சொல்லுது."

அந்தக் குரலுக்கு எழுத்துதான் தெரியும், படம் தெரியாது. படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதி வைத்தால் அதைச் சொல்லும், அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் நம் பெயர் முதலில் வரவேண்டும் என்ற ஆசையில் மருத்துவமனையின் விளம்பரப் பிரிவு அந்த இடத்தை எல்லாம் தற்பெருமையால் நிரப்பி வைத்திருந்தது. இதய டாக்டர் படத்துக்கும் அதே வரி, ஆம்புலன்ஸ் படத்துக்கும் அதே வரி, கேன்டீன் இட்லிக்கும் அதே வரி.

படங்களை ஒருவழியாகத் தாண்டினால், "பட்டன். பட்டன். பட்டன்," என்றது. எந்தப் பட்டன் எதற்கு என்று அதற்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. தியாகேசனுக்கு வேர்த்துவிட்டது. வருவது வரட்டும் என்று ஒன்றை அமுக்கினார்.

"பிரசவப் பிரிவில் உங்கள் முன்பதிவு உறுதியானது," என்றது குரல்.

"வாழ்த்துகள் சார்," என்றாள் ஜெசிந்தா.

மாடிப்படி இறங்கும்போது தியாகேசன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். கண் தெரியாதவர்கள் எத்தனை பேர் இந்தத் தளத்துக்கு வந்துவிடப் போகிறார்கள்? வருகிற ஒன்றிரண்டு பேருக்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொன்னால் எப்படி? இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவனுக்கு இந்த வயதில் இது தேவையா?

அடுத்த வாரம் வரும்போது முகம் மலர்ந்திருந்தது. மேசைமேல் லேப்டாப்பை வைத்த வேகத்திலேயே அது தெரிந்தது.

"பிரச்சினையே தீர்ந்துது மேடம். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனிப் பக்கமே போட்டாச்சு. மேல சக்கர நாற்காலி படம். கீழ ஒரே ஒரு போன் நம்பர். அதுக்கு அடிச்சாப் போதும், எங்க ஆளு டோக்கன்ல இருந்து எல்லாத்தையும் செஞ்சு குடுத்துடுவாரு."

"காது கேக்காதவங்க?"

"அவங்களும் அதே நம்பருக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

ஜெசிந்தா நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. 

"கோபப்படாதீங்க மேடம். உதவி செய்யணும்னுதானே பண்ணினேன்?"

"நான் உங்ககிட்ட உதவி கேக்கல சார். டோக்கன் கேட்டேன்."

அவள் நிமிர்ந்தபோதுதான் அவள் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவர் கண்ணில் பட்டது.

"என்ன மேடம் கழுத்துல?"

"கட்டி. உங்க ஆஸ்பத்திரியிலதான் காட்டினேன். நேத்து ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்திருக்காங்க. புற்றுநோயா இல்லையான்னு ரிப்போர்ட் வியாழக்கிழமை சைட்ல வந்துடுமாம். அதை நானே கேக்கணும் சார். முதல்ல எனக்குத் தெரியணும். அப்புறம்தான் மத்தவங்க."

தியாகேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. ரிப்போர்ட் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வகத்துக்குத் தலைவர் டாக்டர் உலகநாதன். அரசு மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அங்கே பழகிய பச்சை இங்க்கை மட்டும் விடவில்லை. கம்ப்யூட்டரில் அழகாக அடித்த ரிப்போர்ட்டைக் காகிதத்தில் எடுத்து, அதில் பச்சையில் கையெழுத்துப் போட்டு, மேலே ஒரு முத்திரையும் குத்துவார். பிறகு அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றுவார்கள். எழுத்தாகப் பிறந்தது படமாக வெளியே போகும்.

"படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற சாப்ட்வேர்கூட இருக்காமே மேடம்?"

"இருக்கு. முத்திரை விழுந்த இடத்துல உளறும். போன வருஷம் எனக்குச் சர்க்கரை நூத்திப்பத்து. அது ஆயிரத்து நூறுன்னு படிச்சுது."

"அப்ப வீட்டுல யாராவது படிச்சுச் சொன்னா போதாதா? ஒரு ரிப்போர்ட்தானே. ஒரு நிமிஷ வேலை."



"படமா ஏத்தாதீங்க சார். எழுத்தாவே ஏத்துங்க. மிச்சத்தை என் குரல் பார்த்துக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

தியாகேசன் உலகநாதனிடம் போனார். போயிருக்க வேண்டாம்.

"கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் ஒரு ரிப்போர்ட்டாய்யா? பொட்டலம் மடிக்கிற காகிதம்யா அது!"

"கையெழுத்துப் போட்டதும் இருக்கட்டும் சார். கூடவே எழுத்தாவும் ஒண்ணு..."

"நாளைக்கு எவனாவது எழுத்தை மாத்தி வச்சிட்டு என் தலையைப் போட்டு உருட்டினா? உன் கம்ப்யூட்டர் வந்து பதில் சொல்லுமா?"

இங்கே ஒருத்தி தலையை மேசையில் வைக்கிறாள், அங்கே ஒருவர் மேசையைத் தட்டுகிறார், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நானா என்று தியாகேசனுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஒரு இணையதளத்தில் எத்தனை குறை இருக்கிறது என்று சோதித்து மதிப்பெண் போடுகிற மென்பொருள் ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றதை எல்லாம் உண்மையாகவே உழைத்துச் சரிசெய்தார். ரிப்போர்ட் என்று வந்தபோது அது சொன்னது: படத்துக்குப் பின்னால் வரி இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்தார். இனி வரப்போகிற ரிப்போர்ட் படம் அத்தனைக்கும் பின்னால் ஒரே வரியை எழுதி வைத்தார். மென்பொருள் முழு மதிப்பெண் போட்டுவிட்டது.

வியாழக்கிழமை அவர் படியேறியது மாப்பிள்ளை நடையில்.

"பாருங்க மேடம், நூத்துக்கு நூறு! எல்லாம் பச்சை டிக்!" என்று திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா அதைக் கண்டுகொள்ளவில்லை. சோதிக்க ஆரம்பித்தாள். கண் டாக்டருக்கு டோக்கன் சட்டென்று கிடைத்தது. பட்டன்கள் தம் வேலையைச் சொல்லின. டாக்டர்களுக்குப் பெயர் இருந்தது. வீடியோவில் பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடுகிறதா என்று கேட்டாள், ஓடுகிறது என்றார். கை நடுங்குகிறவர்கள் தவறி அமுக்கிவிட்டால் திரும்பி வர வழி இருந்தது. அந்தத் தனிப் பக்கம் போயே போய்விட்டது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க சார்," என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தியாகேசனுக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

"அப்ப சரின்னு பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

அவள் போன் அதிர்ந்தது. காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது.

"ரிப்போர்ட் வந்துடுச்சாம்."



"உங்க லேப்டாப்லயே பார்த்துடுறேன். சைட்டையும் சோதிச்ச மாதிரி ஆச்சு," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இயர்போனைச் செருகிக்கொண்டாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா சார்?"

தியாகேசன் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒருவர் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஒரு தட்டு. மறுபடி நின்றது. மறுபடி.

அவள் காதுக்குள் என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். எழுதி வைத்தவரே அவர்தானே. 'படம். உங்கள் பரிசோதனை முடிவு. நலமுடன் வாழ்க.' அதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை.

மறுபடி ஒரு தட்டு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. உலகநாதன்மேல் கோபம் வந்தது, பச்சை இங்க்மேல் கோபம் வந்தது, கடைசியில் இந்தப் பெண்ணின் பிடிவாதத்தின் மேலேயே கோபம் வந்தது. கண் முன்னால் ஒரு மனிதன் இரண்டு கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் என்ன குறைந்துவிடும்? இன்னும் ஒரு தட்டு கேட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. திரும்பினார். படித்தார்.

மூச்சு மொத்தமாக வெளியே வந்தது.

"ஒண்ணுமில்ல மேடம்! பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல. சாதாரணக் கட்டிதான். புற்றுநோய் இல்லன்னு தெளிவாப் போட்டிருக்கு!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் இயர்போனைக் கழற்றி வயரை விரலில் சுற்றினாள்.

"திரும்பிக்கங்கன்னு சொன்னேன்."

"மனசு கேக்கல மேடம். நீங்க பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கீங்க. நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? படிச்சுச் சொன்னது ஒரு தப்பா? அதுவும் நல்ல சேதி!"

"கெட்ட சேதியா இருந்திருந்தா?"

"அதான் இல்லையே மேடம்."

"இருந்திருந்தா? இதே மாதிரி சத்தமாப் படிச்சிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் தியாகேசன் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"எப்படி மேடம் முடியும்? எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, டாக்டரை ஒரு வார்த்தை பார்த்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

ஜெசிந்தா லேப்டாப்பை மூடினாள். அதை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"இப்பவும் அதைத்தானே சார் சொன்னீங்க?"